வட்டுக்குள் ஒரு கோடு

ஏசுவடியான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகமாட்டார். பேரைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள் என்று சூலூர் சபையில் பேசாத வாய் கிடையாது. குடிகாரன் ஒருத்தன் வராமல் இருந்தால்கூட நாலு வாரம் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். இவரோ வெற்றிலைகூடப் போடாத மனுஷன். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டுக்கொண்டு, ஆராதனை மணி அடிக்கிற நேரம் பார்த்து, சர்ச் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடப்பார். பஸ் அந்த நேரத்துக்குத்தான் இருந்தது, வழியும் அதுதான், பாவம் அவர் என்ன செய்வார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி கிருபாவதிக்கு ஜன்னல் வழியாக அவர் போவது தெரியும். அவள் தொடக்கப்பள்ளி டீச்சர், பாட்டுக் குழுவில் அவள் குரல் இல்லாமல் ஒரு பாட்டும் எடுபடாது. ஆரம்பத்தில் "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். வாராவாரம் எந்தக் காய்ச்சல் வரும்? பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "ஆண்டவர் சந்நிதிக்கே வராத ஊட்டுக்கு ஆண்டவர் எப்படியம்மணி குடுப்பாரு?" என்று ஒரு பெரியம்மா ஆராதனை முடிந்து படியிறங்கும்போது கேட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாளாம்! கிருபாவதி வீட்டுக்கு வந்து சோறு வடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஏன் என்று கணவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன தலைபோகிற வேலை? கல்லூரியின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகைகள். திங்கள் முதல் சனி வரை தடதடவென்று ஓடி, சோதனைக்கூடத்தின் தரையையே அதிரவைக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பார்க்கிற பொருள் குதித்துக்கொண்டே இருக்கும். தறி நிற்கிற நாள் ஞாயிறு ஒன்றுதான். ஏசுவடியான் பார்க்க வேண்டியிருந்ததோ அசையாத மேசையில் மட்டுமே தெரிகிற ஒன்று.

அது ஒரு கோடு. கண்ணாடித் துண்டின் மேல் கசகசாவைவிடச் சிறிய நிக்கல்-இரும்பு வட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் காந்தம் ஒரே துண்டாக இருக்காது, வரப்பு போட்ட காடு மாதிரி பாகம் பிரிந்து கிடக்கும். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே ஓர் எல்லை. இரும்புப் பொடி கலந்த நீரை ஒரு சொட்டு விட்டால் பொடியெல்லாம் போய் அந்த எல்லையில் ஒட்டிக்கொள்ளும், கறுப்புக் கோடாகத் தெரியும். வட்டுக்குள் மின்சாரம் பாயும்போது அந்தக் கோடு நகருமா? நகர்ந்தால் படம் எடுக்க முடியுமா? இதுதான் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

மின்சாரம் காந்தத்தைத் தள்ளும் என்பது யாருக்குத்தான் தெரியாது? கோயமுத்தூரில் பாதி ஜனம் மோட்டார் செய்து பிழைக்கிறது. ஆனால் மோட்டாரில் நடப்பது வெளியிலிருந்து தள்ளுவது. பக்கத்துக் கம்பியில் ஓடுகிற மின்சாரம் தூரத்திலிருந்து காந்தத்தை அசைக்கிறது. ஏசுவடியான் தேடியது வேறு. வட்டுக்குள்ளேயே புகுந்து ஓடுகிற மின்சாரம் போகிற போக்கில் அந்தக் கோட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் என்று வெளிநாட்டில் சிலர் எழுதியிருந்தார்கள். படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கிருபாவதியிடம் ராத்திரிச் சாப்பாட்டில் தட்டு ஓரத்து ரசத்தை விரலால் இழுத்து அதை விளக்கினார். அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை, ஆனால் அவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "சரிங்க, போயிட்டு வாங்க" என்று ஞாயிற்றுக்கிழமைகளை அவள் அன்றைக்கே கொடுத்துவிட்டாள்.

வட்டுகளைப் பெங்களூரில் இருந்த ஒரு நண்பர் செய்து கொடுத்தார். சுவிட்சைத் தட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மட்டும் மின்சாரம் கொடுக்கிற பெட்டியைச் சோதனைக்கூட அட்டெண்டர் ரங்கராஜ் தன் அண்ணன் பட்டறையில் செய்துகொண்டு வந்தார். ரங்கராஜ் வீட்டில் எல்லாரும் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர்கள். இவர் ஒருத்தர்தான் தப்பித்து வந்து காலேஜில் சேர்ந்தவர். ஞாயிறானால் அவரும் வந்துவிடுவார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"தட்டட்டுங்களா சார்?"

"தட்டுங்க."

"நகந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

வருஷக்கணக்காக இதேதான். கோடு நின்ற இடத்தில் நின்றது. கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் வட்டு கருகிப்போகும். கருகிப்போனால் அது போனதுதான். அப்படிச் சில வட்டுகள் போயின. நண்பரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், இனிக் கேட்க ஆளில்லை. ஏசுவடியான் பிடித்த பிடியை விடவில்லை. காதோரம் நரைத்துவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் வேறு ஏதாவது சுலபமாக எடுத்துப் பட்டம் வாங்கி டாக்டர் ஆகிவிட்டார்கள்.

தொண்ணூற்றாறில் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சோதனைக்கூடத்துக்குச் சனிக்கிழமை மத்தியானமே பூஜை. தான் நின்றால் அவர்களுக்குச் சங்கடம், பொட்டு வைத்தால் தனக்குச் சங்கடம் என்று ஏசுவடியான் வருஷா வருஷம் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிடுவார். பூஜை போட்ட சாமானை மறுநாள் தொடக்கூடாது. ஆக அந்த ஞாயிறு அவருக்கு வேலையில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சர்ச்சுக்குப் போனார். கிருபாவதி அன்றைக்குப் பாடின பாட்டைச் சபையார் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு வந்தபோது அவருடைய மைக்ராஸ்கோப்பில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பெட்டியில் சாமந்திப் பூ. ரங்கராஜ் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"சார் மேசையையும் விடலீங்க. எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு மாட்டியாச்சு. ஒயரெல்லாம் கண்டபடி தொங்கிக் கெடந்துச்சுங்க, அழகாக் கட்டிப்போட்டேன்."

எதையெதைக் கழற்றினீர்கள், எங்கெங்கே கட்டினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததுதான். ஆனால் கேட்டால் என்ன ஆகும்? நம்ம பூஜை இவருக்குப் பிடிக்கவில்லை, கிறிஸ்தவர் அல்லவா, என்று ரங்கராஜின் முகம் வாடிப்போகும். இத்தனை ஞாயிறு கூலியில்லாமல் வந்து நின்ற மனுஷன். "ரொம்ப நல்லதுங்க ரங்கராஜ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார் ஏசுவடியான். பொட்டைக்கூட அவர் துடைக்கவில்லை. மரியாதை, மரியாதை! இந்த ஊர்க்காரர்கள் மரியாதையில் கெட்டது கொஞ்சமா நஞ்சமா?

அடுத்த ஞாயிறு கோடு நகர்ந்தது.

ஏசுவடியான் கத்தவில்லை. கண்ணை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். "இன்னொண்ணு தட்டுங்க" என்றார். நகர்ந்தது. மின்சாரத்தைத் திருப்பி விட்டால் கோடு திரும்பி வந்தது. தட்டுவதற்கு முன் ஒரு படம், தட்டிய பின் ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினார். ரங்கராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். ஊருக்கு வந்து கிருபாவதியிடம் சொன்னபோது அவள் அப்படியே தரையில் முழங்கால் போட்டுவிட்டாள். ஒரே ஒரு வாரம் சர்ச்சுக்குப் போனார், மறுவாரம் நடந்துவிட்டது. அவளுக்கு வேறென்ன தோன்றும்? போதகருக்கும் அப்படியே தோன்றியது. பிரசங்கத்தில் பேர் சொல்லி நன்றி செலுத்தினார். படியில் நின்று கேட்ட அந்தப் பெரியம்மா கிருபாவதியின் கன்னத்தைத் தடவி, "பாத்தியா கண்ணு" என்றாள்.

ஏசுவடியான் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்தார். கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர், கோடு நகர்வதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் இருந்தது ஒரே ஒரு வட்டு. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஏசுவடியானுக்குக் கவலை.

அதனால்தான் தேர்வுக்கு முன்னால் ஒரு ஞாயிறு பெட்டியை மட்டும் சோதித்துப் பார்க்க நினைத்தார். வட்டில் மாட்டியிருந்த இரண்டு கிளிப்புகளையும் கழற்றி ஒன்றோடொன்று கவ்வவிட்டார். இனி மின்சாரம் கம்பியில் மட்டும் சுற்றி வரும், வட்டுக்குள் ஒரு பொட்டுக்கூடப் போகாது. "தட்டுங்க" என்றார். தட்டும்போது குனிந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டதால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

கோடு நகர்ந்தது.

"நல்லா நகருதுங்களா சார்?" என்றார் ரங்கராஜ், பெட்டியின் பக்கத்திலிருந்து.

கிளிப்புகளை ஒருதரம் பார்த்துக்கொண்டார் ஏசுவடியான். "நகருதுங்க" என்றார். திருப்பித் தட்டச் சொன்னார். திரும்பி வந்தது. மின்சாரமே போகாத வட்டுக்குள் கோடு போவதும் வருவதுமாக இருந்தது.

தலைவலி என்று சொல்லி ரங்கராஜை அனுப்பிவிட்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். பெட்டிக்குத் திரும்பிப் போகிற கம்பியை ஆரம்பத்தில் அவர் வேண்டுமென்றே தூரமாகச் சுற்றி விட்டிருந்தார். இப்போது அது வட்டுக்கு நேர் கீழே, கண்ணாடியை ஒட்டினாற்போல், மெழுகு நூலால் கட்டப்பட்டு ஓடியது. காயில் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு, சீராக, பார்க்கவே அழகாக. அந்தக் கம்பிதான் வெளியிலிருந்து கோட்டைத் தள்ளியிருக்கிறது. பக்கத்துக் கம்பி காந்தத்தை அசைத்தது. பேனர் கட்டி, பிரசங்கத்தில் சொல்லி, பைண்டு செய்து கொடுத்த ஆராய்ச்சி, ரங்கராஜின் அண்ணன் பட்டறையில் தினமும் சுற்றிச் சுற்றி விற்கிற அதே மோட்டார்.

அவர் அங்கேயே படுத்துக் கிடந்தார். யார் மேல் கோபப்படுவது? அன்போடு கட்டினவர் மேலா? கேட்காமல் விட்ட தன் நாக்கின் மேலா? ரங்கராஜிடம் சொன்னால் அந்த மனுஷன் தூக்கில் தொங்கிவிடுவார். எத்தனை ஞாயிறு, எத்தனை ஞாயிறு என்று முனகினார் ஏசுவடியான்.

மறுநாள் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைடைப் போய்ப் பார்த்தார். கைடு கெட்டவர் அல்ல. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னாத்தானுங்களே வெளிய தெரியும்? வர்றவரு பார்ப்பாரு, நகரும், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு."

"அது மோட்டாருங்க சார்."

கைடு கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "அப்பக் கம்பியத் தள்ளிக் கட்டி ஒருக்காப் பார்த்துப்போடுங்க. கொஞ்சம் கூட்டியும் குடுத்துப் பாருங்க. நெஜமாவே நகந்துட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, அதையே காட்டிக்கலாம். நகரலேன்னா... உங்க மனசுங்க."

சனிக்கிழமை ராத்திரி வீட்டில் கிருபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் ரங்கராஜைக் கூப்பிட முடியாது, கம்பியை அவிழ்ப்பதை அவர் பார்க்கக் கூடாது. தனி ஆளாகவும் செய்ய முடியாது. கம்பியைத் தள்ளிக் கட்டினால் பெட்டி அறையின் அந்தக் கோடிக்குப் போய்விடும். தட்டுகிறவர் பார்க்க முடியாது, பார்க்கிறவர் தட்ட முடியாது.

"நான் வாரேனுங்க" என்றாள்.

"நாளைக்குப் பாட்டு இருக்குதில்ல?"

"இருக்கட்டுங்க."

சர்ச் வாசலைத் தாண்டும்போது முதல் பாட்டு தொடங்கியிருந்தது. அவள் இல்லாமல் பாட்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. முந்தானையைப் போர்த்திக்கொண்டு கிருபாவதி குனிந்த தலை நிமிராமல் நடந்தாள்.

ஏசுவடியான் முடிச்சுகளை வெட்டாமல் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கம்பியைச் சுவரோரமாகச் சுற்றி விட்டார். கிளிப்புகளை ஒன்றோடொன்று கவ்வவிட்டு முதலில் சோதித்தார். கோடு அசையவில்லை, வெளியிலிருந்து தள்ளுவது ஒழிந்தது. பிறகு கிளிப்புகளை வட்டில் மாட்டினார். கூட்டிக் கொடுக்கும்போது பெட்டி பொறி விடும் என்பதால் அதை அவளைத் தொடவிடவில்லை. அவளை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்துக் கண்ணைச் சரிப்படுத்தினார்.

"கறுப்பா ஒரு கோடு தெரியுதா கிருபா?"

"தெரியுதுங்க. தலைமுடியாட்ட."

"அத மட்டும் பாரு. இமைக்காத."

அறையின் கோடிக்குப் போய்த் தட்டினார்.

"நகந்துச்சா?"

"இல்லீங்க."

கொஞ்சம் கூட்டினார்.

"இல்லீங்க."

இன்னும் கூட்டினார். இன்னும். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் அதே மாதிரி, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில், "இல்லீங்க" என்றாள். வட்டுகள் கருகுகிற அளவு எது என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே நின்றார். அதற்குமேல் போனால் வட்டு போய்விடும்; போகாவிட்டால் அத்தனை வருஷமும் போய்விட்டது. ஏசுவடியான் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வெளியே வராமல் இருக்கச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டார். தறிகள் நின்றிருந்த அமைதியில் அந்தச் சத்தம் கிருபாவதிக்குக் கேட்டது. அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை, பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "தட்டுங்க. நான் பாக்கறேன்."

அவள் திரும்பிக் குனிந்தாள். அவர் பெட்டியின் குமிழை அதன் கடைசி வரை திருகி, தட்டினார்.

"நகந்துச்சுங்க!" என்று கிருபாவதி கத்தினாள். "நகந்துச்சுங்க, கோடு நகந்துச்சு, என் கண்ணால பாத்தேன்!"

மேசைகளில் இடித்துக்கொண்டு ஓடிவந்தார் ஏசுவடியான். அவளைத் தள்ளாத குறையாக விலக்கிக் கண்ணை வைத்தார். கண்ணாடியின் மேல் வட்டு இல்லை. கருகின ஒரு கறை இருந்தது. கோடும் இல்லை, எடுக்கப் படமும் இல்லை.

ஆனால் கருகுவதற்கு முன் நகர்ந்திருக்கலாம். ஒரு கணம்! நகர்ந்திருந்தால் எந்தப் பக்கம் என்பதில் எல்லாம் இருக்கிறது. மின்சாரம் இழுத்துப் போயிருந்தால் ஒரே பக்கமாகத்தான் போயிருக்கும். சூட்டில் கலைந்திருந்தால் எப்படியும் போயிருக்கும். அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"கிருபா. நல்லா யோசிச்சுச் சொல்லு. எந்தப் பக்கம் போச்சு?"

கிருபாவதி வாயைத் திறந்தாள். "இந்த..." என்று கை இடது பக்கமாகக் கொஞ்சம் எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். கை நின்றது. "இல்லீங்க, வலது..." என்று ஆரம்பித்து, மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எந்தப் பக்கம்னு சொன்னா உங்களுக்குச் சரியா வருமுங்க?" என்று கேட்டாள்.

ஏசுவடியான் அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு திரும்பி வந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டார். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவள் நிஜமாகவே ஏதாவது பார்த்தாளா என்று அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பார்த்தேன் என்றுதான் சொல்லுவாள்.